குண்டு இல்லாத வீடு

இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு வாயைத் திறந்தால் வெடிதான். பொழுது நன்றாகப் போனால் 'பிளாஸ்ட்'. கெட்டிக்காரப் பெண் என்றால் 'டைனமைட்'. முன்கோபக்காரனைப் பார்த்து, அவனுக்குத் திரி குட்டை என்பார்கள். திடுக்கிடும் சேதி சொல்கிறவன் 'பாம்ஷெல்'லைப் போடுகிறான். நாள் முழுக்க இத்தனை வெடித்தும் அவர்கள் வீட்டில் ஒரு சன்னல் கண்ணாடிகூட உடைவதில்லை. அவர்களுடைய படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிற இவளுக்குத்தான் மண்டை காய்ந்தது.

காரணம் மொழியல்ல, கணவர். கல்குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிற வேலை அவருக்கு. தெருவில் எல்லோருக்கும் அவர் வெடிக்காரர்தான். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். சில வருடங்களுக்கு முன்னால், மருந்து வைத்தும் வெடிக்காமல் நின்றுபோன ஒரு குழியை என்னவென்று பார்க்கப் போனார். கிட்டே போவதற்குள் அது வெடித்துவிட்டது. உயிர் தப்பியது, இரண்டு காதும் போய்விட்டன. அதற்கப்புறம் அவருக்கு உலகம் என்பது மனைவியின் உதட்டசைவும், அவள் திரையின் அடியில் எழுதுகிற இரண்டு வரியும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இருவரும் ஒரு படம் பார்த்தார்கள். அதில் ஒரு பாலம் தகர்ந்தது. திரையின் அடியில் 'வெடிச் சத்தம்' என்று வந்தது. அவர் சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அவள் கதவோரம் நின்று பார்த்தாள். இனி இந்த மனுஷன் கண்ணில் வெடி என்ற வார்த்தையே படக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

அவள் முடிவு கட்டினால் கட்டினதுதான். அதன்பின் அவள் எழுதிய படங்களில் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. 'பிளாஸ்ட்' கொண்டாட்டமாயிற்று. டைனமைட் பெண்கள் கில்லாடிகள் ஆனார்கள். திரி குட்டையானவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. திடுக்கிடும் சேதி சொல்கிறவன் குண்டைத் தூக்கிப் போடுகிறான் என்பது தமிழிலும் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கு. அவளோ பிடிவாதமாக, தலையில் கல்லைத் தூக்கிப் போட்டான் என்றே எழுதினாள்.

பேச்சிலும் அதே கெடுபிடி. "மருமக குண்டத் தூக்கிப் போட்டுட்டாக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரி மதில் வழியாக ஆரம்பித்தால், கண்ணைக் காட்டி அடக்குவாள். அவருக்குத்தான் காது கேட்காதே என்பது இவளுக்கும் தோன்றாது, இவளுக்குப் பயந்த அவளுக்கும் தோன்றாது.

இதற்கிடையில் வேறு ஒன்று நின்றுபோயிருந்தது. அவர் அவளைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். இப்போதெல்லாம் வெறும் "இந்தாம்மா"தான். காதோடு சேர்ந்து பிரியமும் குறைந்துவிட்டதோ என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

அப்படி இருக்கையில்தான் அந்தப் படம் வந்தது. கதாநாயகனுக்குக் குண்டுகளைச் செயலிழக்கச் செய்கிற வேலை. நாயகி ரொட்டிக்கடை நடத்துகிறாள். கடைசிக் காட்சியில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு "யூ ஆர் தி பாம்" என்கிறான். உன்னைப் போல ஒருத்தி கிடையாது என்று அர்த்தம். இவள் வழக்கம்போல 'நீ தங்கம்' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே, சப்டைட்டில்களைச் சரிபார்க்கிற எடிட்டர் போனில் வந்தாள்.

"அக்கா, குண்டு எடுக்கறவனப் பத்தின படம். இதுல போய்க் குண்டையே எடுத்துட்டீங்களே! எத்தன படமா பாக்கறேன், உங்க கை பட்டா எல்லாம் நமுத்துப் போயிடுது. சாயங்காலத்துக்குள்ள சரியா வரலன்னா மொழிபெயர்க்கற மெஷினுக்கே குடுத்துடுவாங்க. ஏற்கெனவே ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டாங்க."

"மெஷின் என்ன போட்டுச்சு?"

"அத ஏன் கேக்கறீங்க. 'நீ குண்டு'ன்னு போட்டிருக்கு. காதலிகிட்ட போய் அப்படிச் சொன்னா உருட்டுக்கட்டைதான் வரும்."

எடிட்டர் சிரித்தாள். இவளும் சிரித்தாள். போனை வைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

கணவர் அவளைச் செல்லமாகக் கூப்பிட்ட பெயரே அதுதான். கல்யாணத்தின்போது அவள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். "வெடிக்காரனுக்கு வாச்சது பாரு, குண்டு!" என்று முதல் வாரத்திலேயே பெயர் வைத்துவிட்டார். அவள் இளைத்த பிறகும் அது போகவில்லை. சமையலறை வாசலில், பஸ்ஸில், சொந்தக்காரர்கள் கூடியிருக்கிற இடத்தில், எங்கும் குண்டுதான்.

வேலை போய்விட்டால் அவர் பார்க்கிற படங்களை யாரோ எழுதுவார்கள். அதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் எழுதியதை ஒன்று விடாமல் பார்க்கிறவர் அவர். ஆகவே ஆனது ஆகட்டும் என்று உட்கார்ந்து, கல்லையெல்லாம் எடுத்துவிட்டுக் குண்டு, வெடி, திரி என்று இருக்கிறபடியே எழுதினாள். கடைசி வரி மட்டும் பிடிபடவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவர் படத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு கிடங்கு வெடித்தது. 'வெடிச் சத்தம்' என்று எழுத்து வந்தது. அவர் எழுந்தார்.

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் கொல்லைப்பக்கம் போகவில்லை. படத்தை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன சத்தம்?" என்று கேட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் அவர் பேசுவதெல்லாம் உரத்த குரல்தான்.

அவள் திரையிலிருந்த எழுத்தைக் காட்டினாள்.

"சத்தம்னு எழுதிட்டா ஆச்சா? தொம்முனு இருந்துச்சா, சடசடன்னு இருந்துச்சா? அன்னிக்கும் அப்படித்தான். அந்தப் பாலம் எப்படி விழுந்துச்சுன்னே தெரியல. பசிக்கிறவனுக்குத் தட்டுல சோறுன்னு எழுதி வச்ச மாதிரி இருந்துச்சு. இத்தன வருஷம் அந்தச் சத்தத்த வச்சுத்தானே பொழச்சேன். இனிமே கேக்கவே மாட்டோமான்னு அழுகை வந்துருச்சு."

"நீங்க பயந்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்," என்றாள், உதடு அவருக்குத் தெரியும்படி.

"நானா? பயந்தது நீ. அந்த வார்த்தையப் பாத்தாலே உன் மூஞ்சி வெளுத்துப் போவுது. அதான் உன் பேரச் சொல்லக்கூடப் பயந்துக்கிட்டு வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன்." திரையைக் காட்டி, "குண்ட எடுத்துட்டுப் படத்துல இருக்கறவன் தலையில எல்லாம் கல்லப் போட்டியே, குவாரிக்காரனுக்குக் கல்லு மட்டும் பூவா?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளும் இந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் உள்ளங்கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்து அழுத்தினாள். கிடங்கு வெடித்த மாதிரியே அடித்தொண்டையிலிருந்து "தொம்ம்ம்" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இது பட்டாசு. நல்லா அடியிலேர்ந்து."

அவள் மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடி ஒரு தொம் போட்டாள். மதிலுக்கு அந்தப்பக்கம் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. அவர் கையை எடுக்காமல் தலையை ஆட்டினார்.

"ம். அந்தப் பாலம் விழுந்துருச்சு," என்றார்.

படத்தை மறுபடி ஓட்டினார்கள். வெடித்த இடத்திலெல்லாம் அவர் கை தானாக வந்தது. கடைசிக் காட்சியில் திரையின் அடியில் ஒன்றுமில்லை.

"எங்க எழுத்தக் காணோம்?"

"வரமாட்டேங்குதுங்க. குண்டு எடுக்கறவன் அவகிட்ட, நீ ஒரு குண்டுன்னு சொல்றான். உன்ன மாதிரி யாருமில்லன்னு அர்த்தம். தமிழ்ல அதச் செல்லமா எப்படிச் சொல்றது?"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இதுக்குப் போயா இவ்ளோ யோசன, குண்டு?"

தெருவுக்கே கேட்டிருக்கும். அவளுக்குக் காதுமடல் வரைக்கும் சிவந்துவிட்டது. 'என் குண்டு நீதான்' என்று அடித்து முடித்தாள். பிறகு அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஏன், கேக்கலையா?"

"கேக்கல," என்றாள்.