கதவு முந்தியா, மூலை முந்தியா?

லொறியில் வந்து இறங்கிய தன் வீட்டைத் தனுஷியா இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். இருபது சுவர்ப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். விரலால் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டியது போலக் கேட்டது.

"இதில சாமிப்படம் கொழுவ ஆணி அடிக்கலாமா நானா?"

"அடிக்கலாம் தங்கச்சி. ஆனா நான் அடிக்க ஏலா," என்று சிரித்தார் ஏறாவூரிலிருந்து வழிகாட்ட வந்திருந்த சாலிஹ் நானா. ஊர் மாதர் சங்கத்து ஆட்களே பலகைகளைப் பொருத்தி வீட்டைப் பூட்ட வேண்டும் என்பது அரசாங்க மானியத்தின் நிபந்தனை. அவர் வாயால் சொல்லலாம், கை வைக்கக்கூடாது.

நாளைக் காலை உத்தியோகத்தர் வந்து நான்கு சுவரும் நிற்பதைப் பார்த்தால்தான் கூரைக்கான மானியம் கிடைக்கும். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளையை அழைப்பது ஊர் வழக்கம். கூரை இல்லையென்றால் ஆவணியில் கல்யாணமும் இல்லை.

இனி இங்கே வாழப்போகிறவன் என்று மாப்பிள்ளை சதீசனையும் சங்கம் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. தனுஷியாவின் அம்மா சீதேவிப்பிள்ளை மட்டும், கல்யாணத்துக்கு முன் அவன் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். வாழைச்சேனையிலிருந்து விடியவே வந்தவன் வெளியில் நின்றே திருகாணிகளை முடுக்கினான்.

பதினொன்றரைக்குள் மூன்று சுவர்கள் எழும்பிவிட்டன. சாலிஹ் ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது முன்பக்கத்தின் நடுவில் கதவுப் பலகை மட்டும் தனியாக நின்றது. மஞ்சள், மாவிலை, உடைத்த தேங்காய்.

"கதவ ஆரு முந்தி வெச்ச?"

"பன்னிரண்டு இருபதுக்கு நல்ல நேரம்," என்றாள் சீதேவிப்பிள்ளை பெருமையாக.

பக்கத்துப் பலகையை நுழைத்துப் பார்த்தார்கள். இரண்டு விரல் இடம் போதவில்லை. மூலையிலிருந்து இலக்கப்படி வந்தால்தான் ஒன்றின் விளிம்பு மற்றதற்குள் பூட்டும், கதவு மூன்றாவது என்றார் சாலிஹ்.

"கழட்டுங்க அக்கா."

"வெச்ச நிலைய அசைக்கப்படாது."

"ஏன்ம்மா?" என்றாள் தனுஷியா.

"நிலை வெச்சுத்தானேகா சுவர் எழும்பும்!"

"இஞ்ச மூணு சுவர் எழும்பிட்டே?"

சீதேவிப்பிள்ளை மூன்று சுவர்களையும் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. ஆனாலும் கதவை விட்டு நகரவில்லை.

"மாமி," என்று வெளியிலிருந்து சதீசன் கூப்பிட்டான். "இண்டைக்கு வேற நல்ல நேரம் இல்லையா? ஒண்டையும் ரெண்டையும் முதல் நிறுத்தி வெச்சா, அந்த நேரத்துக்குச் சரியாக் கதவப் போடலாம்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்தாள்.

"ரெண்டு முப்பத்தஞ்சு. ஒரு நிமிசம் முந்தப்படாது, பிந்தப்படாது."

கதவைக் கழற்றினார்கள். இரண்டேகாலுக்கே முதல் இரண்டு பலகைகளும் நின்றுவிட்டன. கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் காத்திருந்தார்கள்.

"சீதேவியக்கா, மாப்பிள்ளைக்குக் கை கழண்டிரும். கலியாணத்துக்குக் கை வேணுமெல்லோ!" என்றாள் பக்கத்து வீட்டு யசோதினி.

"வாய மூடிட்டுப் பிடிகா." சீதேவிப்பிள்ளையின் கண் கைபேசியிலேயே இருந்தது. "ம், இப்ப!"

கதவு 'டக்' என்று போய் உட்கார்ந்தது. நான்கும் ஐந்தும் தடையில்லாமல் வந்தன.

"கடைசிப் பலகைய உள்ளுக்கு ரெண்டு பேர் நிண்டு இறுக்கணும்," என்றார் சாலிஹ். "மத்தவங்க வெளியால அமத்திப் பிடிக்கட்டும்."

தனுஷியா கதவால் உள்ளே போனாள். மற்றப் பெண்கள் எல்லோரும் பலகையில் சாய்ந்து நின்றார்கள். கையில் ஸ்பானரோடு மிஞ்சியவன் சதீசன் ஒருவன்தான். கதவடியில் வந்து நின்றான். பலகை மெல்ல வெளியே சரியத் தொடங்கியது.

"அம்மா!" என்று உள்ளிருந்து தனுஷியாவின் குரல்.

சீதேவிப்பிள்ளை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என்ன பாத்துட்டு நிக்கீங்க, மருமகன்? வாங்க. வலது கால வெச்சு வாங்க."