அம்மாவுக்கு யாரு பாட்டு படிப்பா?

துஷ்யந்தியை அடக்கம் செய்த அன்று, அவளுடைய நான்கு வயது மகள் சரோனைப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜீவராணி அக்கா தன்னோடு வைத்துக்கொண்டாள். டெங்குக் காய்ச்சல் என்று கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன துஷ்யந்தி பெட்டியில்தான் தோட்டத்து லயத்துக்குத் திரும்பி வந்தாள். பார்த்தால் பிள்ளை பயந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். புருஷன் மெல்வினும் தலையாட்டிவிட்டான். "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்று மகளிடம் சொன்னதும் அவன்தான்.

மெல்வின் றப்பர் மலையில் மரங்களைச் சீவிப் பால் வெட்டுகிறவன். விடியுமுன்பே எழும்ப வேண்டும் என்று பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவான். பிள்ளையைத் தூங்க வைப்பது துஷ்யந்தியின் வேலை. அதற்கென்று அவளே ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். அவன் அதை அரைத் தூக்கத்தில் கேட்டதோடு சரி.

இப்போது இரவானதும் சரோன் அந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்றாள்.

"ஓயாத மழையில கொட புடிக்கட்டா..." என்று தொடங்கினான்.

"கொட இல்லப்பா. சேல."

"சேலய விரிக்கட்டா... சில்லுனு காத்தடிச்சா கதவ சாத்தட்டா... சாமி..."

"அங்க நிப்பாட்டணும். நான் 'ம்'னு சொன்ன பொறகுதான் அடுத்தது."

ஒவ்வொரு வரியாக அவள்தான் அவனைத் திருத்தினாள். பாட்டு ஓரளவு பிடிபட்டதும் கேள்விகள் வந்தன.

"ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு யாரு பாட்டு படிப்பா?"

"நர்ஸ் மிஸ் படிப்பாங்க."

"அவங்க சிங்களம்தானே. தமிழ் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

"கொஞ்சம் தெரிஞ்சா இந்தப் பாட்டு வராதே. அப்ப அம்மா எப்புடி தூங்குவாங்க?"

அவன் போர்வையை இழுத்து அவள் கால்களை மூடினான்.

மறுநாள் வேலை விட்டு வந்தவனின் சட்டைப் பையிலிருந்து அவளே போனை எடுத்தாள். "கோல் எடுங்கப்பா. நான் அம்மாவுக்கு படிக்கிறேன்."

மறுக்க அவனுக்கு வழி தெரியவில்லை. ஏதோ எண்ணை அழுத்துவது போல விரலை நகர்த்தி, போனை அவள் காதில் வைத்தான். சரோன் கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைப் பாடினாள். நிறுத்தினாள். காத்திருந்தாள். மறுபடியும் அதையே பாடினாள்.

"அம்மா 'ம்' சொல்ல மாட்டேங்கிறாங்க."

மெல்வின் போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவளை மடியில் இருத்திக்கொண்டான்.

"அப்பா உனக்கு பொய் சொல்லிட்டேன் கண்ணு. அம்மா ஆஸ்பத்திரியில இல்ல. செத்துப் போயிட்டாங்க. மேட்டு மலையில பொதச்சிருக்கோம்."

"எப்ப வருவாங்க?"

"இனி வர மாட்டாங்க."

அவள் அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். "நான் தூங்காம அடம் புடிச்சேன்ல. அதனாலயா?"

"ஐயோ, இல்லம்மா! கொசு கடிச்சி காச்சல் வந்திச்சி. நீ ஒண்ணுமே செய்யல. உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"என்னய ஏன் கூட்டிட்டுப் போகல?"

"கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றான். "வா, இப்ப போவோம்."

றப்பர் மரங்களுக்கு நடுவே வழுக்கும் பாதையில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினான். பெய்த மழையில் குழி மேடு கொஞ்சம் அமிழ்ந்திருந்தது. சரோன் இறங்கி அதைச் சுற்றி வந்தாள்.

"அம்மா தல எந்தப் பக்கம்?"

அவன் சிலுவையைக் காட்டினான். அவள் அந்தப் பக்கம் போய், ஈர மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். தூறல் கனத்து அவன் தூக்க வந்தபோது, "அம்மா தனியா இருப்பாங்க" என்று சிலுவையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். துஷ்யந்தியைக் கொண்டுபோன நாளிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

மெல்வின் அவளை அடக்கவில்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, அவனும் வாய்விட்டு அழுதான்.