பெருமாளின் தட்டு

விமானியின் எடையைக் கேட்கும் கட்டம் திரையில் வெறுமையாயிருந்தது. மடிக்கணினிக்கு முந்தானையால் நிழலிட்டபடி மீனலோசனி தம்பியை நோக்கினாள். காரைக்குடிக்கு வெளியே, புல் மண்டிய பழைய ஓடுதளத்தில், இயந்திரமில்லாத அந்த வெண்ணிறக் கிளைடருக்குள் அய்யப்பன் தன்னைப் பொருத்திக்கொண்டிருந்தான். காமாலையில் கிடந்து பிழைத்தெழுந்தபின் இன்றுதான் மீண்டும் பறக்கிறான்.

"எடை எம்புட்டுடா?"

"அறுபத்திரண்டு. போன வாரம் திருக்கோஷ்டியூர் துலாபாரத்துல பெருமாளே நிறுத்துப் பாத்துட்டாரே. அவரு தராசுலயும் ஒனக்குச் சந்தேகமாக்கா?"

சிரித்துக்கொண்டே எண்ணை இட்டாள். அறுபதுக்குக் குறைந்தவர் ஏறினால் மூக்குப்பகுதியில் ஈயத்தகடு மாட்ட வேண்டும். மாட்டாவிடில் வால் கனத்து, மூக்கு நிமிர்ந்து, வேகமிழந்து விழும். திரை பச்சை காட்டியது.

"ஈயம் மாட்டவா தாயி?" தகட்டை ஏந்தி நின்ற வீரையா கேட்டார்.

"வேணாம்ண்ணே."

இழுவைக் கம்பி விறைத்தது. கிளைடர் ஓசையின்றி எழுந்து, உயரே கம்பியை உதிர்த்துவிட்டுத் தனித்தது.

"தம்பி ரொம்பத்தான் மெலிஞ்சிட்டாக" என்றார் வீரையா. "இருக்கை வாரைக் கடைசிமட்டும் இழுத்துக் கட்டியும் தொளதொளன்னுதான் இருந்துச்சு."

மீனலோசனியின் கை விசைப்பலகையில் நின்றது. துலாபாரத் தராசு கண்முன் எழுந்தது. ஒரு தட்டில் தம்பி, மறுதட்டில் பெருமாளுக்கான வெல்லம். இரண்டும் சமமாய் நின்ற பின்னும் அம்மா நிறுத்தவில்லை. "அவருக்குப் போயி அளந்தா குடுக்குறது?" என்று கண்ணீர் வழிய அச்சு வெல்லத்தை அள்ளி அள்ளி வைத்தாள். பெருமாளின் தட்டு தரையில் அமர்ந்தது. பிறகு அந்த வெல்லத்தைத்தான் நிறுத்து, அறுபத்திரண்டு என்று உரக்கச் சொன்னார்கள்.

மிகுதியாய் வைத்தது ஆறு கிலோவாவது இருக்கும். ஐம்பத்தாறு என்று மாற்றி இட்டாள். திரை சிவந்தது.

வானொலிப் பேசியைப் பற்றினாள். "தம்பி, ஒனக்கு ஈயம் வேணும்டா. தப்பாப் போட்டுட்டேன். மூக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஒடனே எறங்கு."

காற்றின் இரைச்சலினூடே அவன் குரல், கேலி முற்றும் வடிந்து: "பிடியை முழுசா முன்னுக்குத் தள்ளிட்டேன்க்கா. மூக்கு அமுங்க மாட்டேங்குது."

வீரையா தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வெட்டவெளி வானில் கிளைடர் மூக்கை நிமிர்த்தி, மெல்ல, இன்னும் மெல்ல ஊர்ந்தது. அன்று உயரே போன தட்டில், தம்பியின் மெலிந்த பாதங்கள் தரையைத் தேடித் தொங்கியதைப் போல.