ஆறிப்போன டீ

மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "உள்ள போ, உள்ள போ" என்று ஒரு சத்தம் போட்டால் படியில் தொங்குகிறவனுக்குக்கூட இடம் கிடைத்துவிடும். அந்தத் தொண்டைக்குத்தான் இப்போது கதிர்வீச்சு சிகிச்சை. வாயெல்லாம் புண். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. சாயங்காலத்துக்குள் வாய்வழியாக ஏதாவது இறங்காவிட்டால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"குழாய் போட்டா நான் பிடுங்கிப் போட்டுடுவேன்" என்றார் மாமியார். பேச்சு காற்றாகத்தான் வந்தது.

மருமகள் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள். இந்த வீட்டில் அவள் வாங்கிய ஒரே பெயர், ஆறின டீ கொடுக்கிறவள். ஆவி பறக்கக் கொடுத்தாலும் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "நேத்துப் போட்டதா?" என்பார். மருமகள் கைபட்டால் கொதிக்கிற டீயும் ஆறித்தானே போகும்! அவளுக்கு மாமியார்மேல் கொள்ளைப் பாசம் என்றெல்லாம் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மூக்கில் குழாயைப் பார்க்கவும் அவளால் முடியாது.

சில்லென்று கொடுத்தால் இறங்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மருமகள் ஏலக்காயையும் பட்டையையும் தட்டிப் போட்டாள். இஞ்சியும் மிளகும் புண்ணில் எரியும் என்று தள்ளி வைத்தாள். ஐஸ் கரைந்தால் தண்ணீராகிவிடுமே என்று டீத்தூளைக் கூடுதலாகப் போட்டு, பாலில் சுண்டக் காய்ச்சினாள். சூட்டிலேயே சர்க்கரையைக் கரைத்து, வடிகட்டி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தாள். மதியம் தாண்டியதும் மாமியார் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு, ஐஸும் டீயும் எடுத்து வந்தாள்.

"என்னடி, வெறும் டம்ளர் சுடுது?"

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மனசெல்லாம் குழாயிலேயே இருக்க, கை தன்பாட்டுக்குத் தினசரி வேலையைப் பார்த்திருக்கிறது.

"பழக்கதோஷம், அத்தை. உங்க டம்ளர மட்டும் வெந்நீர் ஊத்திச் சுடவச்சிட்டுத்தான் டீ ஊத்துவேன். சூடு கொஞ்சம் நிக்கும்ல."

"எப்பவுமா?"

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து."

மாமியார் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க, வேற எடுத்துட்டு வரேன்."

"வேணாம். இதுலயே ஊத்து."

ஐஸ் சடசடவென்று விரிசல் விட்டுக் கரைந்தது. முதல் வாய் வெகுநேரம் வாயிலேயே நின்றது. மாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். மருமகளும் கூடவே எச்சில் விழுங்கினாள். இரண்டாவது வாய் கொஞ்சம் சீக்கிரம் இறங்கியது. டம்ளர் காலியாக அரைமணி ஆயிற்று.

"தண்ணியா இருக்கு" என்றார் மாமியார்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமியார் டம்ளரை நீட்டினார். "அடுத்ததுக்குச் சுடவைக்காத."