ரெண்டு மாடுங்க

1

காலை ஐந்தரைக்கு பூபாலன் எழுந்தான். பல் துலக்கினான். திருத்தணியில் சுப்புரத்தினத்தின் மெஸ்ஸில் மிச்சமான சோற்றை டிரம்மிலிருந்து தொட்டியில் கொட்டினான். எலுமிச்சைத் தோலைப் பொறுக்கி எறிந்தான். மாடுகள் தின்றன.

[மாடுகள் அல்ல, பன்றிகள். நாற்பத்திரண்டு வெண்பன்றிகள். முதல் பத்தியிலேயே பொய். இதை எழுதுகிறவனும் பூபாலன்தான். ‘நான்’ என்று தொடங்கினால் பேனா நின்றுவிடுகிறது. பி.காம். படித்தவன் பன்றி வளர்ப்பதைச் சொல்லக் கூசியதில் பிறந்த கதை இது.]

2

வேறு தொடக்கம். மருந்து விற்கிறவன் கொடுத்த மஞ்சள் பவுடரை, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பூபாலன் தினமும் தீவனத்தில் கலந்தான். சதை நன்றாகப் பிடிக்குமாம். பிடித்தது. கூடவே, எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியும் சேற்றிலும் தொட்டியிலும்

[இங்கே ஒரு பக்க அறிவியல் இருந்தது. அடித்துவிட்டான். பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காதவன் பாடம் எடுக்கிறான்.]

3

தொட்டி கழுவும்போது அவன் மனைவி கவிதாவின் கையைத் தகரம் கிழித்தது. மூன்றாம் நாள் முழங்கைவரை வீக்கம். அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரி. வீட்டில் கால்நடை உண்டா என்று டாக்டர் கேட்டார். முட்டிவலிக்கு வந்த சுப்புரத்தினம் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். மாட்டுக்கு என்று சொல்லித்தான் அவரிடம் சோறு வாங்குவது.

“ரெண்டு மாடுங்க” என்றான் பூபாலன்.

[எவ்வளவு கறக்கும் என்றும் டாக்டர் கேட்டார். ஆறு லிட்டர் என்றான். கற்பனைவளம் அன்றைக்கே இருந்திருக்கிறது.]

வழக்கமான ஊசிகளைப் போட்டார்கள். சேர்த்த ஐந்தாம் நாள் வந்த பரிசோதனைத் தாளில், அந்த ஊசிகள் ஒன்றுக்கும் கிருமி அடங்காது என்றிருந்தது. ஆறாம் நாள் கவிதா இறந்தாள்.

பன்றி என்று சொல்லியிருந்தால் முதல் நாளே மருந்தை மாற்றியிருப்பார்களா? தெரியாது. யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பன்றி என்று சொல்ல வேண்டும்.

4

கவிதாவின் கடைசிப் பேச்சு, முதல் வரைவு: “உன் மேல தப்பில்ல பாவா.” [எழுதியவனுக்கே கூச்சமாக இருக்கிறது.] இரண்டாவது வரைவில் அவள் மஞ்சள் பவுடரைப் பற்றி முக்கால் பக்கம் பேசுகிறாள். [மூச்சு வாங்குகிறவள்.]

5

இன்று காலை மாமியார் கௌரியம்மாள் கணுக்காலில் ஒரு கொப்புளத்தைக் காட்டினாள். மகள் போனபிறகு தொட்டி கழுவுவது அவள்தான்.

“கொசு கட்ச்சிருக்கும், வுடு நைனா” என்றாள். கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்திருந்தது.

எட்டரை பஸ்ஸில் அதே ஆஸ்பத்திரி. அதே டாக்டர். அதே கேள்வி வரும்.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறான். ஒன்றில் உண்மையைச் சொல்கிறான். டாக்டர் தலை நிமிராமல் குறித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். இன்னொன்றில் மாடு மூன்றாகியிருக்கிறது. எதை வைப்பது என்று படிக்கிறவர்கள் சொல்லட்டும். பஸ் வருவதற்குள்.

கவிதா உண்மையில் கடைசியாகச் சொன்னது அவனிடம் இருக்கிறது. நான்காம் நாள், மூச்சுக்குக் குழாய் வைக்க உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது சொன்னாள்:

“ஆறு லிட்டராம். போய் பன்னின்னு சொல்ட்டு வா பாவா.”