பொட்டு வைத்த பைப்பு

நமுனுகுல மலைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் தண்ணீர் வராமல் ஒன்பது நாள் இருந்தபோது அசையாத சனம், பத்தாம் நாள் தெய்வம் வந்துவிட்டது என்றதும் அல்லோலகல்லோலப்பட்டது. அதற்குக் காரணம் விஜயலெட்சுமி. வேண்டுமென்று செய்யவில்லை, பாவம்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் வாசல் குழாயில் தண்ணீர். மகள் யசோதினி பதுளை ஆஸ்பத்திரியில் தலைப்பிள்ளை பெற்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை துண்டு வெட்டி, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருகிறாள். பிள்ளைத்துணி அலசக்கூட ஓடைக்கு இருநூறு படி இறங்கி ஏற வேண்டும். நாள் முழுக்கக் கொழுந்து சுமந்த முதுகோடு தண்ணீரும் சுமப்பதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் பதுளையிலிருந்து பைப்புத் திருத்த மதுரன் என்ற அரசாங்க உத்தியோகத்தர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வேலைக்குப் புதிது. கையில் நிலத்தடிக் குழாய் தேடும் மிஷின். வெள்ளைக்காரத் துரைமார் புதைத்த இரும்புப் பைப்பு எந்த வழியாகப் போகிறதென்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவர் மேலே தண்ணீர்த் தொட்டியடியில் பைப்போடு ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார். பெட்டி பைப்பு வழியே சிக்னல் அனுப்பும். மிஷின் பைப்புக்கு நேர் மேலே வந்தால் கூவும். எல்லாம் சரி, அடையாளம் போடக் கொண்டுவந்த பெயின்ட் டின்னைத்தான் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார்.

“அக்கா, பூசுறதுக்கு நிறமா ஏதும் இருக்கோ?” என்று விஜயலெட்சுமியிடம் கேட்டார்.

“மஞ்சத்தூளு இருக்குங்க சேர். கொஞ்சம் குங்குமமும் தரவா?”

அவளே குழைத்துக் கொடுத்தாள். மிஷின் கூவிய பதினொரு இடத்தில் பதினொரு கல்லை வைத்து, மஞ்சள் பூசி, நன்றாகத் தெரியட்டும் என்று நடுவில் குங்குமமும் வைத்துவிட்டு, காலையில் தோண்டலாம் என்று போனார் மதுரன்.

மறுநாள் ஆடி வெள்ளி. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிய சனம் கற்களைப் பார்த்தது. முதல் எலுமிச்சம்பழத்தை வைத்தவள் பெரியாயி. கல்யாணமானாலும் சண்டையானாலும் லயத்தில் முன்னால் நிற்பவள் அவள்தான். மதுரன் வந்து சேர்வதற்குள் பதினொரு கல்லுக்கும் மாலை, சூலம், கற்பூரம். தோண்ட வந்த நாலு பேரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“ஐயோ, அது நான் வைச்ச அடையாளம்!” என்று கத்தினார் மதுரன்.

“பொட்டு வச்ச கல்லப் பேத்தெடுக்குற ஊரு எங்க சேர் இருக்கு?” என்றாள் பெரியாயி.

“மஞ்சள் கொழச்சதே நான்தான்க்கா,” என்றாள் விஜயலெட்சுமி.

“ஒனக்குத்தான்டி கொடுப்பினை!”

அடியில் இருப்பது பைப்புதான் என்று காட்ட மதுரன் மிஷினை முதல் கல்லுக்கு மேலே பிடித்தார். கூவியது. பெண்கள் குலவை போட்டார்கள். அம்மன் பேசுகிறாளாம். புத்திசாலி மனுஷர் அதோடு நிறுத்தியிருக்கலாம். பதினொரு கல்லிலும் கூவவைத்துக் காட்டினார்.

விஜயலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சரி, நாளைக்கு அம்மன்கிட்டயே கேப்போம். தோண்டக் கூடாதுன்னா கூவட்டும். அவ எடத்த விட்டு எந்திரிச்சுட்டா மிஷினு பேசாம இருக்கட்டும்,” என்றாள். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு அவள் மதுரனைத் தனியே கூப்பிட்டு, மேலே இருக்கும் பெட்டியை அணைத்துவிடச் சொன்னாள்.

“அரசாங்கச் சாமானை வைச்சுப் பொய் சொல்லமாட்டன் அக்கா.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க. வாய மூடிக்கிட்டு நடந்தாப் போதும்.”

சனிக்கிழமை காலை, பூப் பறிக்கப் போவதுபோல் தொட்டிக்குப் போய் அவளே பெட்டியை அணைத்தாள். மதுரன் நடந்தார். முதல் கல்லில் சத்தமில்லை. பதினொன்றாவது கல்லிலும் இல்லை. அம்மன் போய்விட்டாள்!

“போனவ எங்க போனா?” என்று கேட்டாள் பெரியாயி.

நியாயமான கேள்விதான். எல்லாரும் மிஷினைப் பார்க்க, பதற்றத்தில் மதுரனின் விரல் இன்னொரு பட்டனில் பட்டது. அது கரண்ட் வயர் தேடும் பட்டன். அதற்குப் பெட்டி தேவையில்லை. மிஷின் முனகியது. லயத்துப் பக்கம் திரும்பினால் கூடியது. அவர் முன்னே, லயமே பின்னே. லயத்துக்கு வரும் கரண்ட் இறங்குவது விஜயலெட்சுமி வீட்டுச் சுவரில். அங்கே போய் மிஷின் வீறிட்டது.

“இது கரண்ட்! வெறும் கரண்ட்!” என்றார் மதுரன்.

“அம்மன்கிட்ட கரண்டு இல்லாம இருக்குமா?” என்றாள் பெரியாயி.

மாலையும் சூலமும் விஜயலெட்சுமி வாசலுக்கு வந்தன. காலியான இடங்களைத் தோண்டினார்கள். ஏழாவது கல்லுக்கடியில் உடைந்த பைப்பு கிடைத்தது, மதுரன் அதை மாற்றிப் பூட்டினார். சாயங்காலம் குழாய் இருமி, துரு துப்பி, தண்ணீர் கொட்டியது. மதுரன் மிஷினைத் தூக்கிக்கொண்டு, மொனராகலையில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை த்ரீவீலரில் யசோதினி வந்திறங்கினாள், கையில் பிள்ளை. வாசலில் பெரியாயி கையை விரித்து நின்றாள்.

“பெத்த தீட்டு முப்பது நாளு. அம்மன் குடியிருக்குற வீட்டுக்குள்ள எப்படிடி விடுவேன்?”

இந்தத் தண்ணீருக்காகத்தானே இத்தனை கூத்தும்? தண்ணீர் வந்துவிட்டது, பிள்ளை வாசலில் நிற்கிறது. விஜயலெட்சுமி தாங்க முடியாமல் லயமே கேட்கக் கத்தினாள்: “அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல! பெட்டிய அமத்தினது நான்தான்!”

பெரியாயி அவள்மேல் பரிதாபப்பட்டுச் சிரித்தாள். “அமத்தச் சொல்லி ஒன் மனசுல பூந்தது யாருங்குறேன்?”

இந்த மனுஷியிடம் உண்மையைச் சொல்லியும் பிழைக்க முடியாது. யசோதினி நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தாள். அதைப் பார்த்ததும் விஜயலெட்சுமி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“சரிக்கா, அவதான் பூந்தா. எதுக்குப் பூந்தா? இந்தப் பச்ச மண்ணு குளிக்கத் தண்ணி வேணும்னுதானே? அவ கூப்பிட்டு வந்த புள்ளய மறிக்க நீ யாரு?”

பெரியாயி விரித்த கையை மடக்கிக்கொண்டு, மாலைகளை ஓரமாகத் தள்ளி வழிவிட்டாள்.

விஜயலெட்சுமி மகளைக் கட்டிலில் உட்காரவைத்து, பிள்ளையை மடியில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். குழாயடியில் வாளியை வைத்துத் திறந்தாள். வாளி நிரம்பி வழிந்தும் மூடாமல், அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், ஆசைதீர அழுதாள்.