மாப்பிள்ளை வண்டியில் வந்த வாதி

தன்னுடைய முதல் கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரரின் வண்டியிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் ஆக்னலின் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

மலை மேலிருக்கும் நாயுடுபுரத்தில் ஒரு சாக்லேட் கடைக்கு மேல் மாடியறை. அதுதான் வக்கீல் ஆக்னலின் ஆபீஸ். எட்டு வருடம் சிவமுருகன் என்ற சீனியரிடம் கேஸ் கட்டுச் சுமந்துவிட்டு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தனியாக வந்திருந்தான். சீனியர் கோபித்துக்கொள்ளவில்லை. "போயிட்டு வாப்பா. உன் நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். அது ஆசீர்வாதமா சாபமா என்று ஆக்னலுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

செண்பகனூரில் டீச்சராக இருக்கும் அவன் மனைவி ரெஜினாவுக்கு மட்டும் விளங்கிவிட்டது. "ஈஸ்டர் வரைக்கும் பாருங்க. கட்சிக்காரங்க வந்தாச் சந்தோஷம். வரலைன்னா அந்த நாற்காலியத் தூசி தட்டி உக்காந்துக்கங்க" என்று சொல்லிவிட்டாள்.

கட்சிக்காரர்கள் எப்படி வருவார்கள்? வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. நோட்டீஸ் ஒட்டக் கூடாது. பெயர்ப்பலகைகூட அடக்கமாக இருக்க வேண்டும். ஆக்னலின் பலகை ரொம்பவே அடக்கம். பனி இறங்கினால் பலகையும் தெரியாது, மாடியும் தெரியாது. போதாக்குறைக்குக் கீழே சாக்லேட் வாங்க வரும் டூரிஸ்டுகள் மாடியில் பாத்ரூம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ஏறி வந்தார்கள்.

வேறு வழியில்லாமல் போனில் ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தான். 'இளம் வக்கீல்களின் தொழில் வளர்ச்சி' என்று தலைப்பு. கோட்டு போட்ட ஒருவர் பெங்களூரிலிருந்து பேசினார். "கட்சிக்காரரிடம் குறை கேளுங்கள். குறையைத் தீர்த்து வையுங்கள். அவர் பத்துப் பேரைக் கூட்டி வருவார்."

பத்துப் பேர் என்ன, ஊரே வரும் என்பது ஆக்னலுக்குத் தெரியும். மேல்மலைக் கிராமங்களின் வழக்கம் அது. ஒருவன் ஒரு வக்கீலிடம் போய்த் திருப்தியாகத் திரும்பினால், பட்டா, பாகம், வரப்புச் சண்டை என்று ஊர் மொத்தமும் அந்த வக்கீல் பின்னாலேயே வந்துவிடும். சிவமுருகன் அப்படித்தான் மேல்மலையில் பாதியைக் கையில் வைத்திருந்தார்.

அந்த மேல்மலையிலிருந்துதான் முதல் கட்சிக்காரராக அழகுமலை வந்திருந்தார். பூண்டு விவசாயி. அவருடைய தங்கை காளியாயியின் கணவர் சேனாதிபதி. அழகுமலையின் தோட்டத்துக்கு ஓடைத் தண்ணீர் கொண்டுவரும் குழாய், சேனாதிபதியின் பாத்தி வழியாகப் போனது. ஏதோ ஒரு கோபத்தில் சேனாதிபதி மண்வெட்டியால் அதை வெட்டிவிட்டார். அழகுமலை கேஸ் போட்டுவிட்டார்.

அந்தச் சேனாதிபதியின் காய்கறி வண்டியிலிருந்துதான் இப்போது இறங்கி, படியேறி, "வணக்கம் வக்கீலய்யா" என்று வந்து நின்றார்.

"அண்ணே, அது யாரு வண்டி?"

"மாப்ள வண்டிதானுங்க."

"அவர் மேலதானே நாம கேஸ் போட்டிருக்கோம்?"

"ஆமா. அவனும் வாய்தாவுக்குத்தான வர்றான்? ரெண்டு பேருக்கும் ஒரே சோலி, எதுக்கு ரெண்டு வண்டி? பஸ்ஸுல வந்தா எனக்குக் கொமட்டும்."

"வழியில பேசிக்குவீங்களா?"

"பின்ன, அம்புட்டுத் தூரம் வாயக் கட்டிக்கிட்டா வர முடியும்?"

"கேஸப் பத்தியா?"

"சேச்சே. கேஸப் பத்திப் பேசுனா சண்ட வந்துரும்ங்க. வக்கீலுகளப் பத்தித்தான் பேசுவோம்."

அன்றைக்கு முன்சீப் கோர்ட்டில் சேனாதிபதிக்காக ரோகிணி என்ற வக்கீல் வந்திருந்தாள். அவளும் புதிதாக ஆபீஸ் போட்டவள்தான். கையை வீசி, கண்ணை உருட்டி, மைக் இல்லாமலே பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்படி வாதாடினாள். ஆக்னல் எழுந்து ஓடையின் வரைபடம் ஒன்றை நீட்டினான். ஜட்ஜ் அதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், கேஸ் முடியும்வரை குழாயில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

வெளியே வந்த அழகுமலையின் முகம் தொங்கிப்போய்க் கிடந்தது.

"அண்ணே, ஜெயிச்சிருக்கோம்!"

"அது சரிங்க. ஆனா சத்தமே வரலையே? அந்தம்மா என்னமா வெளுத்து வாங்குச்சு! நீங்க பலசரக்குக் கடையில சீட்டு நீட்டுற மாதிரி ஒரு தாள நீட்டிப்புட்டு நின்னுட்டீக. ஜட்ஜய்யா பாவம் பாத்துத்தான் குடுத்துருக்காரு."

குறையைக் கேளுங்கள், குறையைத் தீர்த்து வையுங்கள். ஆக்னல் பல்லைக் கடித்துக்கொண்டு, "வேற ஏதாச்சும் குறை இருக்காண்ணே?" என்று கேட்டான்.

இருந்தது. அன்று தொடங்கியது வினை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அழகுமலை ஒரு குறையோடு வந்தார். ரோகிணி ஆபீஸில் இஞ்சி டீயும் பிஸ்கட்டும் தருகிறார்களாம். ஆக்னல் பிளாஸ்க் வாங்கினான். அங்கே நாற்காலியில் மெத்தை போட்டிருக்கிறார்களாம். மெத்தை வந்தது. கால்மாட்டில் ஹீட்டர் எரிகிறதாம், குளிரே தெரியாதாம். ரெஜினா வீட்டில் வைத்திருந்த ஹீட்டர் ஒருநாள் காணாமல் போய் ஆபீஸில் முளைத்தது.

"கேஸு ஜெயிக்கிறீங்களோ இல்லையோ, நல்ல லாட்ஜ் வச்சுப் பொழச்சுக்கலாம்" என்றாள் ரெஜினா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

அடுத்த குறை, போன். ரோகிணியம்மா வாய்தாவுக்கு முந்தின நாள் தானே போன் போட்டு ஞாபகப்படுத்துகிறார்களாம். சாட்சி விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆக்னலும் போன் போட்டான். 'ஹலோ' என்ற குரல் கேட்டதுமே கடகடவென்று ஆரம்பித்தான்.

"அண்ணே, நாளைக்கு மணியனை சாட்சிக் கூண்டுல ஏத்துறோம். குழாய வெட்டுனதப் பாத்த ஒரே ஆளு அவர்தான். மாப்ளைக்குத் தெரியாம வெள்ளனே கூட்டிட்டு வந்துருங்க."

"சரிங்க சார், சொல்லிர்றேன்."

"சொல்லிர்றேனா? நீங்க யாரு?"

"சேனாதிபதிங்க. மச்சான் மருந்தடிச்சுக்கிட்டு இருக்காக. போன எங்க வீட்டுல சார்ஜுல போட்டுட்டுப் போயிட்டாக. நீங்க ஒண்ணும் கவலப்படாதீக, மணியனையும் நம்ம வண்டியிலயே வெரசா ஏத்திட்டு வந்துர்றேன்."

சொன்னபடி ஏற்றிக்கொண்டும் வந்தார். வழியில் மணியனுக்கு ஆப்பமும் வாங்கிக் கொடுத்திருந்தார். மணியன் கூண்டில் ஏறி, வெட்டியது சேனாதிபதிதான் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, அதே வண்டியில் ஊர் திரும்பினார். ஆக்னல் இந்த முறை கொஞ்சம் சத்தம் போட்டுக்கூடக் கேள்வி கேட்டான். இனி அழகுமலை குளிர்ந்துவிடுவார் என்று நினைத்தான்.

அடுத்த வாய்தா அன்று கோர்ட் முடிந்ததும் அழகுமலையும் சேனாதிபதியும் ஜோடியாக மாடியேறி வந்தார்கள். கைகட்டி நின்றார்கள்.

"வக்கீலய்யா, தப்பா நெனைக்காதீக" என்றார் அழகுமலை. "நான் ரோகிணியம்மாகிட்ட போயிரலாம்னு இருக்கேன். மாப்ள உங்ககிட்ட வர்றேங்குறான். வக்கீலுக ரெண்டு பேரும் ஆட்சேபணை இல்லன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா வேல முடிஞ்சுரும்."

வக்கீலை மாற்றுவது நடப்பதுதான். ஆனால் இரண்டு பேர் குடை மாற்றிக்கொள்வது போல வாதியும் பிரதிவாதியும் வக்கீலை மாற்றிக்கொண்டதாக ஆக்னல் எங்கும் படித்ததில்லை. அவன் வாய் திறப்பதற்குள் படியில் திடுதிடுவென்று சத்தம் கேட்டது. ரோகிணி, பனியில் நனைந்த சால்வையோடு மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"சார், இப்பத்தான் என் ஆபீஸ்ல வந்து சொல்லிட்டுப் போறாங்க. என் கட்சிக்காரரை நீங்க இழுக்குறீங்களா?"

"மேடம், என் கட்சிக்காரரைத்தான் நீங்க இழுத்திருக்கீங்க!"

ரோகிணியின் கண் அறையைச் சுற்றியது. மெத்தை, பிளாஸ்க், ஹீட்டர்.

"அப்போ எல்லாம் உண்மைதானா?" என்றாள். "நீங்க ஹீட்டர் வச்சிருக்கீங்கன்னு என் கட்சிக்காரர் சொல்லிச் சொல்லித்தான், போன வாரம் நானும் ஒண்ணு வாங்கினேன்."

"போன வாரமா? உங்ககிட்ட இருக்குன்னு சொன்னதாலதானே மேடம், கார்த்திகையிலயே நான் வீட்டுல திருடினேன்!"

இரண்டு வக்கீல்களும் மெதுவாகத் திரும்பினார்கள். அழகுமலை கூரையைப் பார்த்தார். சேனாதிபதி அழகுமலையைப் பார்த்தார்.

"மச்சான்தானுங்க மொதல்ல ஆரம்பிச்சாக" என்றார் சேனாதிபதி. "'எங்க வக்கீலு ரூமுல கணப்புக் கெடக்கு'ன்னாக. நான் மட்டும் சும்மா இருக்க முடியுமா? எங்க வக்கீலம்மா ரூமுல ஹீட்டரே இருக்குன்னேன்."

"ஏலே, இஞ்சி டீன்னு மொதல்ல அளந்துவிட்டது யாரு? நானா நீயா?"

"ரெண்டு பேரும் இருங்க." ஆக்னல் கையை உயர்த்தினான். "அழகுமலை அண்ணே, என்கிட்ட வந்து வாய்தாவுக்கு வாய்தா குறைதானே சொன்னீங்க? சத்தம் வரலை, மெத்தை இல்லைன்னு?"

"உங்ககிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்றது? அது நமக்குள்ள. அதுக்காக மாப்ள வண்டியில ஒக்காந்துக்கிட்டு உங்கள விட்டுக்குடுப்பனா?" அழகுமலைக்கு நிஜமாகவே வருத்தம். "அன்னைக்கு நீங்க தாள நீட்டிட்டு நின்னீகள்ல, வண்டியில என்ன சொன்னேன் தெரியுமா? 'எங்க வக்கீலு வாயத் தொறந்தா எதிர்வக்கீலு தாங்க மாட்டாக, பொம்பளப் புள்ளையாச்சேன்னு தாளோட விட்டுட்டாரு'ன்னேன்."

"அதக் கேட்டுத்தானுங்க எனக்கு உங்க மேல ஆச வந்துருச்சு" என்றார் சேனாதிபதி.

ரோகிணி முறைத்தாள். ஆனால் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதெல்லாம் முடியாதுங்க" என்றாள் சேனாதிபதியிடம். "உங்க ரகசியமெல்லாம் எனக்குத் தெரியும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு உங்க எதிராளிக்காக நான் நிக்கக் கூடாது. சட்டம் இடம் குடுக்காது."

"ரகசியமா? அதெல்லாம் வண்டியிலயே பேசித் தீத்தாச்சும்மா" என்றார் சேனாதிபதி. அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டார். "முடியாதுன்னா விடு மாப்ள. நாம சிவமுருகன் ஐயாவப் போய்ப் பாப்போம்."

சிவமுருகன் என்ற பெயர் காதில் விழுந்ததும் ஆக்னலுக்கு அந்த நாற்காலி கண்முன் வந்து நின்றது. அழகுமலை இந்தப் படியிறங்கினால் அவரோடு ஒரு ஊரே இறங்கிப் போகும். சட்டம் சொல்லிப் பயனில்லை. சட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் எதிர்க்கட்சி வண்டியில் ஏறி வர மாட்டார்கள். இவர்கள் எதற்குப் பயப்படுவார்கள்?

"சரிண்ணே" என்றான். "மாத்திக்கிட்டதாவே வச்சுக்குவோம். இப்பக் கீழ போய் வண்டியில ஏறுவீங்க. அப்ப மாப்ள என்ன சொல்வாரு?"

அழகுமலை நின்றார்.

"'நான் வேண்டாம்னு கழிச்ச வக்கீலம்மாதானே மச்சான் உங்களுக்குக் கெடச்சாக?' அப்படின்னு சொல்ல மாட்டாரா?"

"சொல்லுவான். இவன் சொல்லக்கூடியவன்தான்."

"காளியாயி அக்கா என்ன சொல்வாங்க?"

அழகுமலை ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். "பூண்டு அரியுற எடத்துல அத்தன பொம்பளைக முன்னால சொல்லிச் சிரிப்பா."

சேனாதிபதி வாய்விட்டுச் சிரித்தார். ரோகிணி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் சிரிக்கிறீங்க? உங்களுக்கும் அதேதான். 'மச்சானுக்குப் பிடிக்காத வக்கீல நீ ஏண்டா எடுத்துக்கிட்டு வந்த'ன்னு ஊரு கேக்காதா?"

சிரிப்பு நின்றது. மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு வக்கீல மாத்துறது?" என்றார் அழகுமலை திடீரென்று, யாரோ வேறு ஆள் அப்படிச் சொன்னது போல. "நமக்கு நம்ம ஆளுதான்."

"அதத்தான மச்சான் நானும் சொல்றேன்" என்றார் சேனாதிபதி. பிளாஸ்கைக் காலி செய்துவிட்டு இருவரும் கீழே போனார்கள்.

ஆக்னல் மெத்தை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். ரோகிணி ஜன்னலைத் திறந்தாள். தெருவில் வண்டி நின்றது. பின்னால் காலிச் சாக்குகளின் மேல், டவுனுக்கு வந்த ஊர்க்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அழகுமலையின் குரல் தெளிவாக மேலே ஏறி வந்தது.

"எங்க வக்கீலய்யாவ யாருன்னு நெனச்சீக? மதுரை ஹைகோர்ட்டு ஜட்ஜுக்கே சந்தேகம் வந்தா இவருக்குத்தான் போன் போடுவாரு!"

"ஐயோ!" ரோகிணி நெஞ்சில் கை வைத்தாள். "சார், ஓடுங்க! இது பார் கவுன்சில்ல யாரு காதுலயாவது விழுந்துச்சுன்னா நீங்களே விளம்பரத்துக்குக் கிளப்பிவிட்டதாச் சொல்வாங்க. வக்கீல் சன்னதே போயிரும்!"

ஆக்னல் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். வண்டிக்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றான். கோர்ட்டில் ஒருநாளும் வராத சத்தம் அன்று நாயுடுபுரம் நடுத்தெருவில் வந்தது.

"எனக்கு ஹைகோர்ட்டுல யாரையும் தெரியாது! எந்த ஜட்ஜும் எனக்குப் போன் பண்றதில்ல! இவர் சொல்றது அத்தனையும் பொய்!"

சாக்லேட் கடை வாசலில் நின்ற டூரிஸ்டுகள் ஒதுங்கினார்கள். அழகுமலை மெல்லச் சேனாதிபதியின் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தியா மாப்ள? வெளிய சொல்லிட்டேன்னு எம்புட்டுக் கோவம்!"

சாக்குகளின் மேலிருந்தவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர், சண்முகராஜ் என்பவர், மெதுவாக இறங்கி வந்து கும்பிட்டார்.

"ஐயா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க. எனக்கு ஒரு பாகப்பிரிவினை ரொம்ப நாளாக் கெடக்கு. அடுத்த வாய்தாவுக்கு இந்த வண்டியிலயே வந்துரட்டுங்களா?"

ஆக்னல் மூச்சை இழுத்துவிட்டான். "நான் சொன்னதக் கேட்டீங்கள்ல? எனக்கு யாரையும் தெரியாது."

"கேட்டேனுங்க. அம்புட்டு ரகசியமா இருக்குற ஆளுதான் எனக்கு வேணும்."

"வாங்க" என்றான் ஆக்னல், தோற்றுப்போய். "உங்க எதிர்க்கட்சிக்காரர் யாரு?"

சண்முகராஜ் திரும்பி, சாக்கின் மேல் காலாட்டிக்கொண்டிருந்தவரைக் காட்டினார். "இந்தா ஒக்காந்துருக்கான்ல, எந்தம்பி. இவன் ரோகிணியம்மாவ வச்சுக்கப் போறானாம்."

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, அண்ணனுக்குக் கேட்கும்படி பக்கத்தில் இருந்தவரிடம் ஆரம்பித்தார். "எங்க வக்கீலம்மா டில்லியில படிச்சவுக. சுப்ரீம் கோர்ட்டுல..."

மாடிப்படியில், மறுப்புச் சொல்வதற்காக ரோகிணி திடுதிடுவென்று இறங்கி வரும் சத்தம் கேட்டது.